செல்போனைவிடக் குட்டையான ரயில் என்ஜின்... ஒரு கிராமத்தையே காப்பாற்றிய கதை!

பச்சை நிற ரயில் என்ஜின் ஒன்று வளைவைத் தாண்டி மெதுவாக வருகிறது. பின்னால் ஒரே ஒரு பெட்டி. மேலே பாலாடை நிறம், கீழே சாக்லேட் நிறம். பாதையோரம் ஓலைபோல வைக்கோல் வேய்ந்த வீடுகள், தோட்டத்தில் பூச்செடிகள், வயலில் அறுவடைக் காலத்து வெளிச்சம். ஆனால் அந்த என்ஜினின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர்தான். இந்தக் கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்கும் செல்போனைவிடக் குட்டை!

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுஷயர் மாவட்டத்தில், தேம்ஸ் நதிக்குப் பக்கத்தில் இருக்கிறது லாங் விட்டன்ஹாம் என்ற கிராமம். அங்குள்ள பெண்டன் மியூசியத்தில்தான் இந்தக் காட்சி. பொம்மை ரயில் என்று நினைத்துக் குழந்தைகளை அழைத்துக்கொண்டு வருபவர்கள், கடைசியில் குழந்தைகள் இழுத்தாலும் நகராமல் நிற்பார்கள். காரணம், அங்கே ஓடுவது வெறும் ரயில் அல்ல. அழிந்துபோன ஒரு வாழ்க்கை.

பாடிங்டனிலிருந்து டிட்காட் வரை

லண்டன் பாடிங்டன் நிலையத்தில் ரயிலேறினால், மேற்கே சுமார் 85 கிலோமீட்டரில் டிட்காட் பார்க்வே. சில ஆண்டுகளுக்கு முன்புவரை, இந்த ஊர் நெருங்குவதை யாரும் சொல்லவேண்டியிருக்காது. அனல்மின் நிலையத்தின் ஆறு பிரமாண்டமான குளிர்விப்புக் கோபுரங்கள் பல மைல் தூரத்திலிருந்தே தெரியும். 2014-ல் மூன்று, 2019-ல் மூன்று என வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். சுமார் அரை நூற்றாண்டு காலம் அடிவானத்தையே அடைத்துக்கொண்டு நின்றவை, சில நொடிகளில் தூசியாகிவிட்டன. எது நிரந்தரம் என்ற கேள்வி, இந்தப் பயணத்தில் ரயிலை விட்டு இறங்கும் முன்பே தொடங்கிவிடுகிறது.

ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது டிட்காட் ரயில்வே சென்டர். நீராவி காலத்து என்ஜின் ஷெட், நிலக்கரி ஏற்றும் மேடை, என்ஜினைத் திருப்பும் வட்டமேடை எல்லாம் இங்கே இருக்கின்றன. பெண்டனுக்குப் போகும் முன் இங்கே ஒருமுறை எட்டிப்பார்ப்பது நல்லது. குட்டி என்ஜினின் 'அசல்' இங்கேதான் இருக்கிறது. அதன் எண் 1466.

கிராமத்து மினி பஸ் மாதிரி ஓர் என்ஜின்

கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே என்றால் பெரிய எக்ஸ்பிரஸ் என்ஜின்கள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் அந்தக் கம்பெனியின் உயிர்நாடி கிராமங்களுக்குப் பிரிந்துபோன கிளைப் பாதைகள். பால் கேன்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், சந்தைக்குப் போகும் விவசாயிகள், தபால் மூட்டைகள். இவற்றைச் சுமக்கப் பெரிய என்ஜின் தேவையில்லை. சிக்கனமான, எடை குறைந்த என்ஜின் போதும்.

அந்த வேலையைப் பல பத்தாண்டுகள் செய்துவந்தவை 1868-ல் வரத் தொடங்கிய 517 வகை என்ஜின்கள். அவை தேய்ந்து ஓய்ந்தபோது, தலைமைப் பொறியாளர் காலட் ஒரு புது வகையை உருவாக்கினார். 1932 முதல் 1936 வரை ஸ்விண்டன் தொழிற்சாலையில் இப்படி 75 என்ஜின்கள் கட்டப்பட்டன. புதிதாகக் கட்டியவைதான், ஆனால் உயரமான புகைபோக்கியும், உருண்டு திரண்ட டோமும் பார்த்தால் பாட்டி காலத்து என்ஜின் போலவே இருக்கும். பழைய வடிவம் நன்றாக உழைத்தது, அதை ஏன் மாற்றவேண்டும் என்ற எண்ணம்தான்.

நான்கு பெரிய சக்கரங்கள், பின்னால் இரண்டு சிறிய சக்கரங்கள். தண்ணீர் சுமக்கத் தனி வண்டி கிடையாது. இரண்டு பக்கமும் இடுப்பில் குடம் வைத்ததுபோல் தொட்டிகள். எடை 41 டன் சொச்சம்.

இந்த என்ஜினின் பெரிய சாமர்த்தியம் வேறு. கிளைப் பாதையின் கடைசி நிலையத்துக்குப் போனதும், சாதாரண ரயிலில் என்ஜினைக் கழற்றி, பக்கத்துத் தண்டவாளத்தில் சுற்றிவந்து, மறுமுனையில் மாட்டவேண்டும். நேரமும் வீண், ஆளும் வீண். இந்த என்ஜினுக்கு அந்தத் தொல்லையே இல்லை. திரும்பும்போது பெட்டியைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வரும்!

அப்படியானால் டிரைவருக்கு முன்னால் இருப்பது எப்படித் தெரியும்? அவர் என்ஜினில் இருக்கமாட்டார். பெட்டியின் முன்பகுதியில் அவருக்கென ஒரு சிறிய அறை உண்டு. அங்கே இருக்கும் கைப்பிடியை நகர்த்தினால், பெட்டிக்கு அடியில் ஓடும் இரும்புத் தண்டுகள் வழியாக அந்த அசைவு என்ஜினின் ரெகுலேட்டருக்குப் போகும். நீராவி கூடும், குறையும். என்ஜினில் ஃபயர்மேன் மட்டும் தனியாக நின்று, நெருப்பையும் தண்ணீரையும் பார்த்துக்கொள்வார். தண்டவாளத்தில் யாராவது நின்றால், பெட்டியின் முகப்பில் உள்ள பெரிய மணியை டிரைவர் காலால் மிதித்து அடிப்பார். ஆட்டோ டிரெயின் என்று இதற்குப் பெயர். 1932-ன் தொழில்நுட்பத்தில், கணினி இல்லாத ரிமோட் கன்ட்ரோல்!

பள்ளிப் பையன்களின் பிடிவாதம்

1463-க்கும் 1467-க்கும் நடுவில் பிறந்ததுபோல எண் இருந்தாலும், 1466 முதலில் 4866-ஆகத்தான் வேலைக்கு வந்தது. 1946-ல் 4800 வரிசை எண்கள், எண்ணெயில் ஓடும்படி மாற்றப்பட்ட பெரிய சரக்கு என்ஜின்களுக்குத் தேவைப்பட்டன. அதனால் இந்தக் குட்டி என்ஜின்கள் எல்லாம் 1400 வரிசைக்கு மாறின. வீட்டுக்குப் பெரிய விருந்தாளி வந்ததும் பிள்ளைகள் கட்டிலை விட்டுப் பாய்க்கு மாறியதுபோலத்தான்.

அதன் பிறகு வந்தது பெரிய இடி. கார்களும் பஸ்களும் பெருகப் பெருக, கிளைப் பாதைகள் நஷ்டத்தில் ஓடின. பெண்டனைச் சுற்றியுள்ள ஊர்களையே எடுத்துக்கொள்ளலாம். ஃபாரிங்டன் கிளையில் பயணிகள் ரயில் 1951 கடைசியில் நின்றது. வாலிங்ஃபோர்டு கிளையில் 1959-ல் நின்றது. 1963-ல் ரயில்வே தலைவர் பீச்சிங் வெளியிட்ட அறிக்கை, நாடு முழுவதும் 2,363 நிலையங்களையும் சுமார் 8,000 கிலோமீட்டர் பாதையையும் மூடச் சொன்னது. அதே ஆண்டு செப்டம்பரில் ஆபிங்டன் கிளையிலும் பயணிகள் ரயில் ஓய்ந்தது. பாதையே போனபிறகு, அதில் ஓடிய என்ஜினுக்கு என்ன வேலை? ஒன்றன்பின் ஒன்றாக உடைப்புக்குப் போயின.

அந்த நேரத்தில்தான், ரயில்மீது பைத்தியமாக இருந்த சில பள்ளிக்கூடப் பையன்கள், 'ஒரேயொரு என்ஜினையாவது காப்பாற்றிவிடவேண்டும்' என்று கிளம்பினார்கள். அது 1961. பெரிய எக்ஸ்பிரஸ் என்ஜின் எதற்கும் அவர்கள் ஆசைப்படவில்லை; கிளைப் பாதையில் ஓடிய இந்தக் குட்டியைத்தான் கேட்டார்கள். பணம் திரட்டி 1964-ல் 1466-ஐ வாங்கினார்கள். அந்தப் பையன்களின் முயற்சிதான் பின்னர் கிரேட் வெஸ்டர்ன் சொசைட்டியாக வளர்ந்து, டிட்காட் ரயில்வே சென்டரை உருவாக்கியது. 75-ல் இன்று மிஞ்சியிருப்பவை நான்கே நான்கு.

'தாமஸ்' ரயில் கார்ட்டூன் பார்க்கும் குழந்தைகளுக்கு இந்த என்ஜினை அறிமுகப்படுத்தவே வேண்டாம். அதில் வரும் 'ஆலிவர்' இந்த வகைதான். பாதிரியார் ஆட்ரி 1968-ல் எழுதிய புத்தகத்தில், உடைப்புக்குத் தப்பி ஓடிவரும் என்ஜினாக ஆலிவர் வரும். கதையில் அதைக் காப்பாற்றியது இன்னோர் என்ஜின். நிஜத்தில் காப்பாற்றியது பள்ளிப் பையன்கள்.

ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இளைஞன்

டிட்காட்டிலிருந்து சில மைல் தூரத்தில் லாங் விட்டன்ஹாம். பெண்டன் மியூசியத்தின் கதை, அந்தப் பையன்களின் கதைக்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்குகிறது.

ராய் இங்கிலாந்து. ஆம், அவருடைய குடும்பப் பெயரே இங்கிலாந்து! ஆனால் பிறந்தது 1906-ல், ஆஸ்திரேலியாவின் பெர்த்தில். 1925-ல் இங்கிலாந்துக்கு வந்தவர், 'வெள்ளைக் குதிரைப் பள்ளத்தாக்கு' என்று பெயர் பெற்ற இந்தப் பகுதியைப் பார்த்து மயங்கிப்போனார். சுண்ணாம்புக் கல்லும் செங்கல்லும் வைத்துக் கட்டிய வீடுகள், வைக்கோல் கூரைகள், வளைந்து வளைந்து போகும் தெருக்கள், தூரத்தில் புகை விட்டுப் போகும் ரயில்.

மயக்கம் தெளிவதற்குள் கவலை வந்துவிட்டது. நூற்றாண்டுகளாக நின்ற வீடுகளை அவர் கண்ணெதிரிலேயே இடித்தார்கள். வைக்கோல் கூரையைப் பிரித்துவிட்டுத் தகரமும் ஆஸ்பெஸ்டாஸும் போட்டார்கள். சாலையை அகலப்படுத்த மரங்களை வெட்டினார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது முன்னேற்றம். வெளியிலிருந்து வந்தவருக்குத்தான் அது இழப்பாகத் தெரிந்தது.

தடுத்து நிறுத்த அவரிடம் பணமும் இல்லை, அதிகாரமும் இல்லை. ஆனால் கை இருந்தது. ஒவ்வொரு வீட்டையும் அளந்து, படம் எடுத்து, குறிப்பு எழுதி, அட்டையில் அப்படியே செய்துவைக்க ஆரம்பித்தார். உண்மையான வீடுகளை எடுத்து, கற்பனைக் கிராமம் ஒன்றில் குடிவைத்தார். அந்தக் கிராமத்துக்கு 'பெண்டன் பார்வா' என்று பெயர். 1954-ல் லாங் விட்டன்ஹாமில் மியூசியம் உருவானது. ஆர்வலர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள்.

ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர்

பெண்டனில் எல்லாமே ஒரே கணக்கு. நிஜத்தில் ஓர் அடி என்றால், மாடலில் 4 மில்லிமீட்டர். அதாவது சுமார் 76-ல் ஒரு பங்கு. ஆறடி மனிதர் 24 மில்லிமீட்டர் உயரம் இருப்பார். கட்டை விரலின் மேல்பாதி அளவு.

வீட்டுச் சுவர்கள் அட்டைதான். ஆனால் ஒவ்வொரு செங்கல்லையும் தனித்தனியாகக் கீறி, தனித்தனியாக வாட்டர் கலர் தீட்டியிருக்கிறார்கள். நிஜச் சுவரில் இரண்டு செங்கல் ஒரே நிறத்தில் இருப்பதில்லையே! கூரைக்கு, குழாய் மாட்டுபவர்கள் மரையில் சுற்றும் சணல் நார். அதைக் கொத்துக் கொத்தாகப் பிரித்து, நிஜமான கூரை வேய்வதுபோலவே கீழிருந்து மேலாக அடுக்கவேண்டும். ஒரு சிறிய வீட்டுக்கே நூற்றுக்கணக்கான மணி நேரம் போய்விடும்.

என்ஜின்களிலும் அதே பிடிவாதம். பெண்டனின் என்ஜின்களில் பெரும்பகுதியைச் செய்தவர் கை வில்லியம்ஸ் என்ற கைவினைஞர். கடையில் வாங்கிய பொம்மைக்கு வண்ணம் அடிக்கிற வேலை அல்ல இது. பித்தளை, நிக்கல் சில்வர் தகடுகளை வெட்டி, பின்பக்கம் ஊசிமுனையால் குத்தி ஆணித் தலைகளை எழுப்பி, சாலிடர் வைத்து ஒட்டி, புகைபோக்கியையும் டோமையும் கடைசல் பிடித்து எடுக்கவேண்டும்.

நமது கிளைப் பாதை என்ஜின் மாதிரி சின்னதைச் செய்வதுதான் பெரியதைச் செய்வதைவிடக் கஷ்டம். பெரிய என்ஜினின் வயிற்றுக்குள் மோட்டாரை ஒளித்துவிடலாம். இதில் பாய்லரின் அடியில் வெளிச்சம் தெரியும் இடைவெளி உண்டு. அதை மோட்டார் அடைத்துவிட்டால், பார்ப்பவர் கண்ணுக்குப் பொய் உடனே தெரிந்துவிடும். எடை இன்னொரு சோதனை. 41 டன்னை இந்த அளவுக்குச் சுருக்கிக் கணக்குப் போட்டால் 100 கிராம்கூட வராது. அவ்வளவு லேசாக இருந்தால் பெட்டியை இழுக்காமல் சக்கரம் வழுக்கும். எனவே தண்ணீர்த் தொட்டிக்குள்ளும் பாய்லருக்குள்ளும் ஈயத் துண்டுகளை வைத்து, பாரம் முன்னால் உள்ள நான்கு சக்கரங்கள்மேல் விழும்படி பார்த்துக்கொள்ளவேண்டும். பின்பக்கம் கனத்தால் என்ஜின் மூக்கைத் தூக்கும்.

தண்டவாளத்தில்கூட ஒரு சங்கதி இருக்கிறது. பிரிட்டனில் கடைகளில் விற்கும் இந்த அளவு ரயில்கள் 16.5 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தில் ஓடுகின்றன. 4 மில்லிமீட்டருக்கு ஓர் அடி என்று கணக்குப் பார்த்தால், அது 4 அடி ஒன்றரை அங்குலம்தான். நிஜப் பாதையின் அகலமோ 4 அடி எட்டரை அங்குலம். சின்ன பிரிட்டிஷ் என்ஜின்களுக்குள் அந்தக் கால மோட்டார் அடங்கவேண்டும் என்பதற்காக, உடலை மட்டும் பெரிதாக்கிவிட்டுத் தண்டவாளத்தை அப்படியே விட்டதால் வந்த குறை இது. பெண்டனில் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. 18 மில்லிமீட்டர் தண்டவாளம் போட்டார்கள். அதனால் ஒவ்வொரு சக்கரமும், ஒவ்வொரு அச்சும் தனியாகச் செய்யவேண்டி வந்தது. ஒன்றரை மில்லிமீட்டர் நேர்மைக்கு, பல வருட உழைப்பு!

வேகத்துக்கும் கணக்கு உண்டு. கிளைப் பாதையில் மணிக்கு 30 மைல் என்றால், மாடலில் ஒரு நொடிக்குச் சுமார் 18 சென்டிமீட்டர்தான். வீட்டில் பொம்மை ரயில் சீறிப்பாய்வதைப் பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு, 'ஏன் இவ்வளவு மெதுவா?' என்றிருக்கும். கொஞ்ச நேரம் நின்று பார்த்தால், இதுதான் நிஜ ரயிலின் வேகம் என்று கண் ஒப்புக்கொள்ளும்.

இரண்டு கனவுகள்

பெண்டனில் இன்னும் இரண்டு காட்சிகள் தவறவிடக்கூடாதவை. ஒன்று, டார்ட்மூர் காட்சி. மரத்தாலான உயரமான பாலத்தின்மேல் எக்ஸ்பிரஸ் ரயில்கள் கடந்துபோகும் அழகு அங்கே. மற்றொன்று, ஜான் ஆஹர்ன் 1930-களின் பிற்பகுதியில் கட்டத் தொடங்கிய 'மேடர் வேலி' ரயில்வே. தண்டவாளத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் தெரு, துறைமுகம், மலை என்று ஓர் உலகத்தையே சேர்த்துக்கட்டிய முன்னோடி அவர். 1961-ல் அவர் மறைந்தபிறகு அது பெண்டனுக்கு வந்து சேர்ந்தது.

ஆஹர்ன் கட்டியது எங்குமே இல்லாத ஊர். ராய் கட்டியது இல்லாமல்போன ஊர். ஒருவருக்குக் கற்பனை சந்தோஷம். இன்னொருவருக்கு ஞாபகம் கடமை. இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன.

ராய் 1995-ல் மறைந்தார். அப்போது அவருடைய பள்ளத்தாக்கு முழுமையடைந்திருக்கவில்லை. இது தன் ஆயுளுக்குள் முடிகிற வேலை இல்லை என்று தெரிந்தேதான் செய்திருப்பார். அவருக்குப்பின் வந்த தொண்டர்கள் அதே 4 மில்லிமீட்டர் கணக்கில், அதே வாட்டர் கலரில் தொடர்ந்தார்கள். தாங்கள் பிறப்பதற்கு முன்பே இடிந்துபோன வீட்டுக்குக் கூரை வேய்ந்தவர்களும் அவர்களில் உண்டு.

சுண்ணாம்புக் குதிரை

நேரம் இருப்பவர்கள் வாலிங்ஃபோர்டுக்கும் போய்வரலாம். 1959-ல் பயணிகளை இழந்த அந்தக் கிளைப் பாதையை ஆர்வலர்கள் மீட்டு, குறிப்பிட்ட நாட்களில் சோல்ஸி வரை ரயில் விடுகிறார்கள். துப்பறியும் கதைகளின் ராணி அகதா கிறிஸ்டி வாழ்ந்தது வாலிங்ஃபோர்டில். அவருடைய கல்லறை இருப்பது சோல்ஸி தேவாலயத்தில். பெண்டன், டிட்காட், வாலிங்ஃபோர்டு மூன்றிலும் எந்தெந்த நாட்களில் திறந்திருக்கும், என்ஜின் ஓடும் என்பதை முன்கூட்டியே அவர்களுடைய இணையதளத்தில் பார்த்துக்கொண்டு கிளம்புவது புத்திசாலித்தனம். பெண்டனில் அவசரப்படக்கூடாது. குறைந்தது அரை நாளாவது வேண்டும்.

கடைசியாக, இந்தப் பள்ளத்தாக்குக்குப் பெயர் கொடுத்த வெள்ளைக் குதிரை. அஃபிங்டன் மலைச்சரிவில் புல்லை அகற்றி, வெள்ளைச் சுண்ணாம்பை நிரப்பி வரைந்த உருவம் அது. நீளம் சுமார் 110 மீட்டர். வயது ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகள். கல்லில் செதுக்கியதல்ல, கவனிக்காமல் விட்டால் சில பத்தாண்டுகளில் புல் மூடிவிடும். அப்படியானால் மூவாயிரம் ஆண்டுகளாக அது எப்படி இருக்கிறது? ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ சிலர் மலையேறிப்போய்ப் புல்லைச் செதுக்கி, சுண்ணாம்பைக் கொட்டி, சுத்தியலால் தட்டிவிட்டு வந்திருக்கிறார்கள். இன்றும் தொண்டர்கள் அதைத்தான் செய்கிறார்கள்.

பல நாள் உழைத்து ஒரு வைக்கோல் கூரையை முடிப்பவரும், 1466-இன் பித்தளையைத் துடைப்பவரும், குதிரையின் முதுகில் சுண்ணாம்பு தட்டுபவரும் ஒருவரையொருவர் சந்தித்தே இருக்கமாட்டார்கள். ஆனால் செய்வது ஒரே வேலை.

பெண்டனில் மாலை ஆகிறது. பச்சை என்ஜின் தன் ஒற்றைப் பெட்டியைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு மறுபடியும் கிளம்புகிறது. நிஜத்தில் மூடிப்போன பாதை. நிஜத்தில் இடிந்துபோன வீடுகள். இங்கே அடுத்த ரயில் சரியான நேரத்துக்கு வரும்.